பெரிய வீட்டுக் குழு: சாலையில் கிடைத்த ஆமை

கார்த்தி: வாழச்சால் தாண்டி வால்பாறைக்குப் போய்க்கொண்டிருக்கிறோம். சாலையைக் கடந்துகொண்டிருந்தது இந்த ஆமைக்குட்டி. (படம்) உள்ளங்கை அளவுதான். தூக்கி வைத்திருக்கிறேன். வீட்டு மீன் தொட்டியில் விடலாமா?

தீபா: ஐயோ, மூக்கைப் பாருங்கள்! குங்குமம் வைத்த மாதிரி!

மாலதி அத்தை: கார்த்தி, வண்டியை எடுக்காதே. ஓட்டின் மேல் நீளவாக்கில் மூன்று வரப்பு இருக்கிறதா?

கார்த்தி: ஆமாம் அத்தை. முகம் மஞ்சள்.

மாலதி அத்தை: சூரல் ஆமைடா அது! இத்தனை வருடம் விலங்கியல் சொல்லிக்கொடுத்தேன், ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை. குட்டியும் இல்லை. வளர்ந்தாலே 13 செ.மீ. அளவுதான். தொட்டித் தண்ணீரில் விட்டால் செத்துப்போகும்.

முரளி சித்தப்பா: ஆமை தண்ணீரில் சாகுமா அக்கா?

மாலதி அத்தை: குளத்து ஆமைக் குடும்பம்தான் முரளி. ஆனால் இது இருப்பது மழைக்காட்டுத் தரையில், சருகுக்குள். உதிர்ந்த பழம், நத்தை, மரவட்டை இதெல்லாம்தான் சாப்பாடு. மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடையாது.

மாலதி அத்தை: 1912-இல் சென்னை அருங்காட்சியகத்தின் ஹென்டர்சன் இதைப் பற்றி எழுதினார். அப்புறம் 70 வருடம் எந்த ஆய்வாளர் கண்ணிலும் படவில்லை. அந்தக் காட்டில் வாழும் காடர் பழங்குடி மக்களுக்கு மட்டும் தெரிந்திருந்தது. 1982-இல் விஜயா என்ற பெண் அதே காட்டுக்குப் போய், குகையில் தங்கி, காடர்கள் துணையோடு தேடிக் கண்டுபிடித்தார். சென்னைப் பாம்புப் பண்ணையில் வேலை பழகியவர். ஊர்வன ஆராய்ச்சிக்கு வந்த முதல் இந்தியப் பெண் அவர்தான்.

தீபா: இப்போது எங்கே இருக்கிறார் அத்தை?

மாலதி அத்தை: 1987-இல் இறந்துவிட்டார்மா. முப்பது வயதுகூட ஆகவில்லை. 2006-இல் இந்த ஆமையைத் தனிப் பேரினமாகப் பிரித்தபோது விஜயசெலிஸ் என்று அவர் பெயரையே வைத்தார்கள். அவரை நினைத்தால் எனக்கு இன்றும் தொண்டை அடைக்கும்.

முரளி சித்தப்பா: கார்த்தி, காட்டு ஆமையை வீட்டில் வைப்பது சட்டப்படியும் குற்றம். விட்டுவிடு.

மாலதி அத்தை: எடுத்த இடத்திலேயே விடு. எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்ததோ அந்தப் பக்கம். இல்லையென்றால் மறுபடி சாலைக்குத்தான் வரும். இடம் எதுவென்று வெளியில் யாருக்கும் சொல்லாதே. படத்தையும் எங்கும் போடாதே, பிடிக்க ஆள் வந்துவிடும்.

கார்த்தி: சரி அத்தை. சாலையிலிருந்து பத்தடி உள்ளே விட்டேன். கொஞ்ச நேரம் தலையை நீட்டவே இல்லை. அப்புறம் சருகை மூக்கால் தள்ளிக்கொண்டு உள்ளே போனது. எது இலை, எது ஓடு என்று தெரியவில்லை.