தவிட்டுக்குருவிகளும் என் கீரைப் பாத்தியும்

கீரை விதைத்து, மேலே சருகைப் பரப்பி, தண்ணீர் தெளித்துவிட்டு நான் உள்ளே வரக் காத்திருந்ததுபோல் வந்து இறங்கிவிடும் தவிட்டுக்குருவிக் கூட்டம். ஒவ்வொரு சருகாகப் புரட்டி எறிந்து, பாத்தியைக் கோழி கிளறிய குப்பைமேடாக்கிவிட்டுத்தான் நகரும். போதாததற்கு ஓயாத கீச்சல் வேறு. தஞ்சாவூரில் இந்த வீட்டுக்குக் குடிவந்த புதிதில் இவற்றை விரட்டுவதே எனக்குக் காலை வேலை.

பிடித்துப்போனது அவற்றின் கண்களைக் கவனிக்கத் தொடங்கிய பிறகுதான். முதிர்ந்தவற்றுக்குக் கண் வெளிறிய வெண்மை, இளசுகளுக்குக் கருமை. அதை வைத்துப் பெரியது, சிறியது பிரித்துப் பார்த்தால் ஒரு கூட்டுக்குடும்பமே தெரிகிறது. ஏழெட்டும் தரையில் மேயும்போது ஒன்று மட்டும் முருங்கைக் கிளையில் காவல் இருக்கும். வல்லூறோ பூனையோ தலைகாட்டினால் அது கத்தும். மற்றவை மருதாணிப் புதருக்குள் பாயும். நான் திட்டிய கூச்சலில் பாதி இந்தக் காவல்தான். மதியத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்து ஒன்றின் கழுத்தை மற்றொன்று கோதிவிடும். குஞ்சுக்கு இரை ஊட்டுவதும் தாய் தகப்பனோடு நிற்பதில்லை, கூட்டமே ஊட்டும்.

இந்தத் தாராளத்தைச் சுடலைக்குயிலும் அக்காக்குயிலும் நன்றாகவே பயன்படுத்திக்கொள்கின்றன. தவிட்டுக்குருவியின் முட்டை நீலம். அவையும் அதே கூட்டில் நீல முட்டையை இட்டுவிட்டுப் போய்விடும். போன ஆடியில், தங்களைவிடப் பெரிதாக வளர்ந்துவிட்ட அக்காக்குயில் குஞ்சு ஒன்றுக்கு இவை மாறி மாறிப் புழு ஊட்டியதைப் பார்த்தேன். சிரிப்பும் வந்தது, குயில்மேல் கோபமும் வந்தது.

தென்னிந்தியாவையும் இலங்கையையும் விட்டால் இந்தத் தவிட்டுக்குருவி உலகில் வேறெங்கும் கிடையாது. பக்கத்து வீட்டு அண்ணன் பைனாகுலரோடு கோடியக்கரைக்குப் பூநாரை பார்க்கப் போகிறவர். "பூநாரை ஆப்பிரிக்காவிலும் இருக்கிறது அண்ணே, இது அங்கே இல்லை" என்றேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பாத்தியையும் விட்டுக்கொடுக்கவில்லை. முளை தேறும்வரை கோழிக்கூண்டுக் கம்பிவலையை அதன்மேல் வளைத்து வைக்கிறேன். நைலான் வலை வேண்டாம், கால் சிக்கிக்கொள்ளும். வாழையடிச் சருகு முழுவதும் அவற்றுக்கே. அங்கே கறையானுக்குப் பஞ்சமில்லை. கார் வைத்திருப்பவர்கள் பக்கக் கண்ணாடிக்குப் பழைய காலுறையை மாட்டிவிடுங்கள். உள்ளே தெரிவது வேற்றுக் கூட்டத்து ஆள் என்று நாள் முழுக்கக் கொத்திக்கொண்டிருக்கும்.