லேப்ரடாருக்கு மஞ்சள் காமாலை, ஊசி போட்டும் திரும்ப வருகிறது

பிரௌனி வீடு:
9 வயது, 31 கிலோ. போன மாதம் காய்ச்சல், வாந்தி. ஈறும் கண்ணும் மஞ்சள். ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் என்சைம்களான ஏ.எல்.டி., ஏ.எல்.பி., மஞ்சள் நிறமியான பிலிருபின் மூன்றும் எகிறியிருந்தன. ஒரு வாரம் செஃப்ட்ரையாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் ஊசி போட்டதும் தட்டை நக்கிச் சாப்பிட்டான். ஊசி முடிந்து கொஞ்ச நாளில் மறுபடியும் அதே கதை. ஸ்கேனில் பித்தப்பைச் சுவர் தடித்து, உள்ளே சேறு படிந்திருக்கிறதாம். மாமியார் கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கச் சொல்கிறார். கொடுக்கலாமா?

சீனு அப்பா:
உண்ணிக் காய்ச்சல் பார்த்தீர்களா? எங்கள் ராஜபாளையத்துக்கு மஞ்சள் வந்தது அதனால்தான்.

மாட்டு டாக்டர் (நாயும் பார்ப்பேன்):
சீனு அப்பா சொல்வது சரி. எலிக்காய்ச்சலுக்கும் சேர்த்துப் பாருங்கள். அது சிறுநீர் வழியாக நமக்கும் தொற்றும். முடிவு வரும்வரை கையுறை போட்டே சுத்தம் செய்யுங்கள்.

இரண்டும் இல்லையென்றால், குடலில் இருக்கும் கிருமி பித்தக்குழாய் வழியே மேலே ஏறியிருக்கலாம். பெரும்பாலும் ஈ.கோலை, இல்லாவிட்டால் என்டிரோகாக்கஸ். நீங்கள் போட்ட ஊசிக்கு என்டிரோகாக்கஸ் அசையவே அசையாது. அதனால் அடுத்த மருந்தை ஊகித்துப் போடாமல், பித்தநீரை எடுத்துக் கல்ச்சர் (கிருமியை லேபில் வளர்த்துப் பார்ப்பது) செய்யச் சொல்லுங்கள். ஸ்கேனைப் பார்த்தபடியே மெல்லிய ஊசியைப் பித்தப்பைக்குள் விட்டு உறிஞ்சுவார்கள். பையை முடிந்தவரை காலி செய்துவிட்டால் துளை வழியே கசியும் பயம் குறைவு. காமாலையில் வைட்டமின் கே குறையலாம், ரத்தம் உறையும் நேரத்தை முன்பே பார்த்துவிட வேண்டும். கல்லீரல் திசுவைவிடப் பித்தநீரில்தான் கிருமி நன்றாகப் பிடிபடும். காற்றில்லாமல் வளரும் கிருமிக்கும் சேர்த்து லேபில் கேளுங்கள். ஒரு துளியை ஸ்லைடில் தடவிப் பார்த்தால் அன்றைக்கே ஓரளவு தெரிந்துவிடும்.

மருந்து பொதுவாக 4 முதல் 6 வாரம். சாப்பிடுகிறான் என்று நிறுத்த முடியாது, என்சைம் இறங்க வேண்டும். பித்தநீர் நன்றாக ஓட உதவும் அர்சோடியாக்ஸிகோலிக் ஆசிட் நாளுக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி.; ஆனால் குழாய் அடைபட்டிருந்தால் தொடவே கூடாது. ஸ்கேனில் பித்தப்பை குறுக்கே வெட்டிய கிவிப் பழம்போலத் தெரிந்தால் பேச்சு வேறு, பித்தப்பையை எடுக்கும் ஆபரேஷன்தான் வழி.

கீழாநெல்லியால் ஈ.கோலை சாகாது. மாமியாரிடம் என் பெயரைச் சொல்லிக்கொள்ளுங்கள்.

பிரௌனி வீடு:
நேற்றே என்ரோஃபிளாக்ஸாசின் என்ற வேறு ஆன்டிபயாடிக் தொடங்கிவிட்டார்கள் டாக்டர். இப்போது எடுத்தால் கிருமி வளருமா?

மாட்டு டாக்டர் (நாயும் பார்ப்பேன்):
வாய்ப்பு கொஞ்சம் குறையும், ஆனாலும் எடுங்கள். என்ன மருந்து ஓடுகிறது என்று லேப் சீட்டில் எழுதிவிடுங்கள். காய்ச்சலோடு இருக்கிற நாய்க்குக் கல்ச்சருக்காக மருந்தை நிறுத்தி வைக்க வேண்டாம்.