செங்கல்பட்டு 1892: தரிசு நிலத்தை ‘விற்கக்கூடாது’ என்று நிபந்தனை போட்டுக் கொடுத்தது சரியா?

ஏரிப்பாசனம்:
பஞ்சமி நிலம் பற்றிப் போன வாரம் இங்கே பேச்சு வந்தபோது தாழ்த்தப்பட்டோருக்கு நிலம் கொடுக்க வந்த 1892 அரசாணையை எல்லோரும் கொண்டாடினார்கள். எனக்கு மாற்றுக் கருத்து இருக்கிறது.

பின்னணி தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். 1891 அக்டோபரில் செங்கல்பட்டின் பொறுப்பு கலெக்டர் ட்ரெமென்ஹீர், அந்த மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலை பற்றிச் சென்னை அரசுக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். முன்பணக் கடனால் படியாள்களாக, அதாவது பண்ணையாள்களாகக் கட்டுண்டு கிடக்கிறார்கள், குடியிருக்கும் நத்தம்கூட, பரம்பரை நில உரிமைக்காரரான மிராசுதார் பிடியில் இருக்கிறது, தரிசு கேட்டால் கிடைப்பதில்லை என்று எழுதினார். 1892 செப்டம்பர் 30-ல் வருவாய்த் துறையின் 1010-ஆம் எண் அரசாணை வந்தது. அதிலும் அதற்குப் பின் வந்த உத்தரவுகளிலும் ஒப்படை செய்த நிலங்களைத்தான் இன்று பஞ்சமி நிலம் என்கிறோம். அந்த ஒப்படைக்குச் சேர்ந்த நிபந்தனை இது: பத்து ஆண்டுக்கு விற்கவோ அடமானம் வைக்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது. அதற்குப் பிறகும் தாழ்த்தப்பட்ட வகுப்பாருக்குள்தான் கைமாறலாம். மீறினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளும்.

உழவரிடமே அரசு நேராக வரி வாங்கிய ரயத்துவாரி முறையில் பக்கத்து வயல்காரருக்குக் கிடைத்தது முழுப் பட்டா. அதை அடகு வைத்து அவர் கிணறு வெட்டலாம். இவருக்கு மட்டும் ஏன் அரைப் பட்டா? தரிசைச் சும்மா உழுது விதைத்துவிட முடியாது. முள் வெட்ட வேண்டும், வரப்பு போட வேண்டும், மாடு வேண்டும், முதல் சில வருடம் விளைச்சலை நம்ப முடியாது. கையில் காசில்லாதவருக்கு அடமானம் வைக்க முடியாத நிலத்தைக் கொடுத்தால் கடனுக்கு யாரிடம் போவார்? பழைய மிராசுதாரிடம்தான். நிலத்தின் பேரில் கடன் கிடைக்காதபோது உழைப்பின் பேரில் வாங்குவார், மறுபடியும் படியாளாவார். அந்த நிபந்தனைதான் அவரைத் திரும்ப அங்கே கொண்டுபோய் விட்டது என்கிறேன்.

கிழக்குச்சேரி:
ஐயா, மரியாதையோடு மறுக்கிறேன். எங்கள் குடும்பத்துக்கு டி.சி. நிலம் (‘டிப்ரஸ்டு கிளாஸ்’, அதாவது தாழ்த்தப்பட்ட வகுப்பாருக்கு ஒப்படைத்த பஞ்சமி நிலம்) ஒன்றரை ஏக்கர் உண்டு, அதாவது இருந்தது. அதனால் இது எனக்குப் புத்தக விஷயம் இல்லை.

அடமானம் வைக்க முடிந்திருந்தால் கிணறு வந்திருக்கும் என்கிறீர்கள். யாரிடம் அடமானம் வைப்பது? அன்றைக்கு ஊரில் பணம் வைத்திருந்தவர்கள் யார்? சென்னை மாகாணத்தை 1876 முதல் 1878 வரை பெரும்பஞ்சம் அழித்து பதினைந்து வருடம்கூட ஆகவில்லை. முழுப் பட்டா வைத்திருந்த சின்ன விவசாயிகளே ஒரு மழை பொய்த்தால் நிலத்தை எழுதிக் கொடுக்க வேண்டிய காலம் அது. எங்கள் பூட்டனுக்கு முழுப் பட்டா கொடுத்திருந்தால் முதல் பஞ்சத்திலேயே அது கைமாறியிருக்கும், சட்டப்படியே கைமாறியிருக்கும். நிபந்தனை இருந்ததால்தான் பறித்தவர்கள் சட்டத்துக்கு வெளியே பறிக்க வேண்டியிருந்தது. இன்றைக்கு நாங்கள் கேள்வி கேட்க முடிவதும் அதனால்தான்.

பழைய அடங்கல்:
வருவாய்த் துறையில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். இரண்டு பேரும் பட்டாவின் வாசகத்தைப் பிடித்துக்கொண்டு பேசுகிறீர்கள். அதற்கு முந்தைய படியைப் பாருங்கள்.

தரிசு வேண்டுமென்றால் தர்க்காஸ்து மனு போட வேண்டும். மனு தாசில்தாருக்குப் போகும். அவர் ஊருக்கு நோட்டீஸ் அனுப்பி ஆட்சேபம் கேட்பார். ஊர்க் கணக்கரான கர்ணமும் ஊர்த் தலைவரான மணியக்காரரும் அறிக்கை எழுதுவார்கள். செங்கல்பட்டில் இதற்கு மேலே ஒரு பூட்டு இருந்தது. ஆற்காட்டு நவாப் 1763-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக, அதாவது வருவாய் மானியமாகக் கொடுத்த சீமை அது. அங்கே காணியாட்சி, மிராசு என்ற பரம்பரை நில உரிமை ஆழமாக வேரூன்றியிருந்தது, கம்பெனியும் பிறகு வந்த அரசும் அதை ஒப்புக்கொண்டன. மிராசு கிராமத்தில் தரிசு யாருக்கு என்ற கேள்வி வந்தால் மிராசுதாருக்குத்தான் முதல் உரிமை. அவர் வேண்டாம் என்றால்தான் அடுத்தவர். வெளியாள் உழுதால் மிராசுதாருக்கு சுவாமிபோகம் என்று தனியாகவும் கொடுக்க வேண்டும்.

இப்போது ஒரு படியாள் மனு போடுகிறார் என்று வையுங்கள். நோட்டீஸ் ஊர்ச் சாவடியில் ஒட்டப்படுகிறது. அவர் கேட்ட துண்டு பத்து வருடமாகச் சும்மா கிடந்தது. மறுநாளே மிராசுதார் “நானே எடுத்துக்கொள்கிறேன்” என்று எழுதிக் கொடுக்கிறார். விதிப்படி அவருக்குத்தான் போகும். இரண்டு வருடம் கழித்து அவர் அதை விட்டுவிட்டாலும் பெரிய நஷ்டமில்லை, ஆள் கையைவிட்டுப் போகவில்லையே. அறிக்கை எழுதிய கர்ணமும் அந்த ஊர்க்காரர், பெரும்பாலும் அந்த உறவுக்காரர். பரம்பரைப் பதவி அது, 1980-ல்தான் ஒழிந்தது.

மனு போடாமலே புறம்போக்கை உழுதவர்களும் உண்டு. அதற்கு சிவாய்ஜமா என்று தண்டத் தீர்வை. வசதியுள்ளவர் சிவாய்ஜமா கட்டிக்கொண்டே சில வருடத்தில் அனுபோகத்தைக் காட்டிப் பட்டா கேட்பார். இல்லாதவர் ஒரு தண்டத்திலேயே ஓடிவிடுவார்.

ஏரிப்பாசனம்:
பழைய அடங்கல் ஐயா சொல்வதை ஏற்கிறேன், ஆனால் அது என் வாதத்தைத்தான் பலப்படுத்துகிறது. முன்னுரிமை விதிதான் நோய் என்றால் அதை எடுத்திருக்க வேண்டும். சேரி மனுவுக்கு முதல் உரிமை என்று மாற்றி, முழுப் பட்டாவும் கொடுத்து, கடனையும் அரசே கொடுத்திருக்கலாம். 1883-லும் 1884-லும் தக்காவி எனும் அரசு விவசாயக் கடனுக்குச் சட்டங்கள் வந்துவிட்டனவே! ஏன் செய்யவில்லை? வருவாய் வாரியம் ட்ரெமென்ஹீரின் யோசனைகளை வரவேற்கவில்லை. படியாள் தனக்கென்று நிலம் பெற்றுப் போய்விட்டால் மிராசுதார் வயல் தரிசாகும், கிஸ்தி, அதாவது நிலவரி குறையும் என்ற பயம்.

வரலாறு மாணவி:
ஒரு ஒப்பீடு சொல்லட்டுமா? அதே 1892-ல்தான் பஞ்சாபில் கீழ் செனாப் கால்வாய் திறந்து, பிறகு லயால்பூர் ஆன பகுதியில் குடியேற்றம் தொடங்கியது. அங்கேயும் அரசு நிலம்தான், அங்கேயும் நிபந்தனைதான். விவசாயிக் குடியேறிகள் அரசின் குத்தகைதாரர்களாக இருந்தார்கள். 1906-ல் அந்த நிபந்தனைகளை மேலும் இறுக்கி, வாரிசு உரிமையிலும் கைவைத்து, நீதிமன்றத்துக்குப் போகும் வழியையும் அடைத்து ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். 1907-ல் அஜித் சிங் முன்னின்ற கிளர்ச்சி வெடித்தது. லாலா லஜபதி ராயை மாண்டலேவுக்கு நாடு கடத்தினார்கள். ஆனால் அதே ஆண்டு மே மாதம் வைஸ்ராய் மின்டோ மசோதாவுக்கு ஒப்புதல் தர மறுத்தார். 1912 சட்டத்தில் குடியேறிகள் நிலத்தை வாங்கிச் சொந்தமாக்கிக்கொள்ளவும் வழி வந்தது.

ஆக, நிபந்தனை காலத்துக்கும் மாறாத ஒன்று இல்லை. பஞ்சாபில் கேட்டார்கள், தளர்ந்தது. ஏரிப்பாசனம் ஐயா சொல்லும் முழு உரிமை அந்த அரசாலேயே முடிந்த காரியம்தான்.

இன்னொன்றும் சேர்த்துவிடுகிறேன். 1882 சொத்து மாற்றுச் சட்டப்படி, கைமாற்றவே கூடாது என்று முழுத் தடை போட்டு ஒரு சொத்தைக் கொடுத்தால் அந்தத் தடை செல்லாது. அரசு கொடுக்கும் நிலத்துக்கு அது பொருந்தாது, போட்ட நிபந்தனை போட்டபடியே செல்லும் என்று 1895-ல் தனிச் சட்டமே வந்தது. நிபந்தனைக்கு அவ்வளவு பலம் கொடுத்த அரசு, அதைக் கண்காணிக்க ஒரு ஆளைப் போடவில்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

கிழக்குச்சேரி:
சகோதரி, பஞ்சாபை இங்கே கொண்டுவந்ததற்கு நன்றி, ஆனால் முக்கியமான ஒன்றை விட்டுவிட்டீர்கள். அங்கே யாரைக் குடியேற்றினார்கள்? ஏற்கெனவே நிலம் வைத்திருந்த சாதிகளிலிருந்து பொறுக்கி எடுத்தார்கள். ஊர்ப் பணி செய்யும் நிலமற்ற சாதியாரைச் சேர்க்கவில்லை. அவர்கள் கிளர்ச்சி செய்தபோது அரசு ஏன் பயந்தது? அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் பட்டாளத்தில் இருந்தார்கள். எங்கள் சேரி நாற்பது வீடு. வேலைக்கு வராதே என்று ஊர் ஒரு வாரம் சொன்னால் அடுப்பு எரியாது. எங்களுக்குப் பட்டாவில் இருந்த அந்த வரிதான் பட்டாளம்.

நிபந்தனை தளர்ந்து முழு உரிமை வந்திருந்தால் பஞ்சாபில் நடந்தது இங்கே நடந்திருக்காது, நிலம் போயிருக்கும். கடன் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. 1920-ல் தொழிலாளர் கமிஷனர் பதவி வந்த பிறகு, வீட்டுமனையை அரசு கையகப்படுத்தி, கூட்டுறவுச் சங்கம் வழியாகத் தவணையில் பணம் வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். அந்த மாதிரி விவசாயக் கடனும் கொடுத்திருக்கலாம். ஆனால் அதற்காக நிபந்தனையைத் தூக்கி எறிந்திருக்க வேண்டும் என்பதைத்தான் ஏற்க மாட்டேன்.

வரலாறு மாணவி:
யாருக்கு நிலம் கொடுத்தார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டது என் தவறு. ஒப்பீடு அந்த இடத்தில் நிற்காது.

ஏரிப்பாசனம்:
சரி, கடன் ஏற்பாட்டோடு நிபந்தனை என்றால் நானும் ஒத்துக்கொள்வேன். கடன் ஏற்பாடு இல்லாத நிபந்தனையை இன்னும் குறையாகத்தான் பார்க்கிறேன். கிழக்குச்சேரி, ஒன்று கேட்கலாமா? “இருந்தது” என்று எழுதினீர்கள். எப்படிப் போனது?

கிழக்குச்சேரி:
விற்கவில்லை. தாத்தா காலத்தில் அம்மை நோய்க்கும் ஒரு கல்யாணத்துக்கும் வாங்கிய கடனுக்காக, கடன் கொடுத்தவர்களை மூன்று போகம் உழுதுகொள்ளச் சொன்னார்கள் வீட்டில், வாய் வார்த்தையாக. மூன்று போகம் முப்பது ஆனது. அடங்கல் என்ற சாகுபடிக் கணக்கில் சாகுபடியாளர் பெயர் மாறியது. அப்புறம் 1980-களில் யூ.டி.ஆர். எனும் நில ஆவணப் புதுப்பிப்புப் பதிவின்போது பட்டாவே அவர்கள் பெயருக்கு வந்துவிட்டது, நிபந்தனை இல்லாத சாதாரணப் பட்டாவாக. அப்பா மனு மேல் மனு போட்டார். ஒரு அலுவலகத்தில் “இது டி.சி. நிலம் என்பதற்கு என்ன ஆதாரம்” என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். பெட்டியில் பழைய ஒப்படைப் பிரதி ஒன்று இருக்கிறது, ஓரம் செல்லரித்தது. நிபந்தனை வரிகள் இன்னும் படிக்க முடிகிறது. இந்த மாதம் மறுபடி மனு எழுதப் போகிறேன்.

பழைய அடங்கல்:
தம்பி, அந்தப் பிரதியை யாரிடமும் அசலாகக் கொடுக்காதீர்கள். யூ.டி.ஆரில் சர்வே எண்கள் மாறியிருக்கும். முதலில் பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்குமான ஒப்பீட்டுப் பட்டியலுக்கு மனு போடுங்கள். பிறகு யூ.டி.ஆருக்கு முந்தைய ‘அ’ பதிவேட்டில் (ஊரின் நிலப் பதிவேடு) அந்தப் பழைய எண்ணுக்கு நேரே உள்ள பக்கத்தைச் சான்றிட்ட நகலாக, ஆவண அறையிலிருந்து கேளுங்கள். குறிப்புப் பத்தியில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள், டி.சி. நிலம் என்று காட்டும் ஒரு எழுத்து இருந்தாலும் போதும். மனுவை எழுதிவிட்டு இங்கே போடுங்கள், நான் பார்த்துத் தருகிறேன்.