பிச்சாவரம் பக்கம் ஷூட்டிங், கொஞ்சம் ஹெல்ப் பண்ணுங்க

எல்லாருக்கும் வணக்கம், நான் மஞ்சக்குப்பம். நாங்க அஞ்சு பேர் சேந்து ஒரு மர்டர் மிஸ்டரி குறும்படம் எடுக்குறோம், கதை உப்பங்கழி ஓரமா இருக்குற ஒரு சின்ன குப்பத்துல 2003ல நடக்குது (செல்போன் இருந்தா சஸ்பென்ஸே நிக்க மாட்டேங்குது, அதான்). விடியக்காலைல ஒரு படகு தானா மிதந்து வருது, உள்ள ஒருத்தர் செத்துக் கெடக்குறாரு, கண்ணு ரெண்டும் வீங்கி மூடிருக்கு. தில்லை மரத்துப் பால் கண்ணுல பட்டா பார்வையே போயிடும்னு சின்ன வயசுல எங்க ஆயா மெரட்டுவாங்க, அத வச்சுதான் மொத்த கதையும்.

இப்ப டவுட் என்னன்னா, அந்தப் பால் பட்ட எவ்ளோ நேரத்துல எரிச்சல் ஆரம்பிக்கும், கிள்ளை பக்கம் படகு ஓட்டுற அண்ணன்மாரு யாராவது இருந்தா சொல்லுங்க. அப்புறம் தண்ணி ஏறி எறங்குற கணக்கு, படகு எந்தப் பக்கம் இழுத்துட்டுப் போவும்னு தெரியணும், கொலகாரன் மாட்டுறதே அதுலதான்.

போலீஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவங்க இருந்தா இன்க்வெஸ்ட் (ஆளு எப்படி செத்தாருன்னு போலீஸ் பொணத்தப் பாத்து விசாரிச்சு எழுதுறது) எப்படி நடக்கும்னு சொல்லுங்க சார். இப்ப அதுக்கு புது சட்டமான பிஎன்எஸ்எஸ்ல 194வது பிரிவு, ஆனா கதை 2003ங்கறதால பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் (சிஆர்பிசி) 174வது பிரிவுதான், ஸ்டேஷன் ரைட்டர் உக்காந்து எழுதுற சீன் ஒன்னு இருக்கு, அது சினிமாத்தனமா இருக்கக்கூடாது.

காட்டுக்குள்ள எடுக்க வனத்துறை பர்மிஷன் வாங்கினவங்க யாராச்சும் இருந்தாலும் இன்பாக்ஸ் வாங்க. நம்ம ஊரு பேச்சு பேசுற ஒரு பாட்டியும் வேணும், நடிக்கத் தெரியலன்னாலும் பரவால்ல, நல்லா திட்டத் தெரியணும்.