புதுப்பிப்பு: 235/85ஆ, 265/75ஆ? குறுகல் டயரே போதும்

முன்பு கேட்டது இதுதான்: ஃபோர் வீல் பிக்கப்பின் 7 அங்குல அகல ரிம்முக்கு 235/85 ஆர்16 போடுவதா, 265/75 ஆர்16 போடுவதா? முடிவு: 235.

முதல் எண் டயரின் அகலம் (மி.மீ.), அடுத்தது பக்கச்சுவர் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது, 16 ரிம்மின் விட்டம் (அங்குலம்). இரண்டும் கிட்டத்தட்ட ஒரே உயரம் (806, 804 மி.மீ.). வித்தியாசம் 30 மி.மீ. அகலம் மட்டும். தரையில் படும் பரப்பைப் பெரும்பாலும் எடையும் காற்றழுத்தமும்தான் தீர்மானிக்கின்றன. அகலம் அதன் வடிவத்தைத்தான் மாற்றும். 'அகலம்னா பிடிப்பு' என்பது பாதி உண்மை.

சேற்றுக்கடியில் கெட்டித் தரை இருந்தால் குறுகல் டயர் கிழித்துக்கொண்டு இறங்கிப் பிடிக்கும். அடி தட்டாத சேறு, தளர்மணல் என்றால் அகலத்துக்குத்தான் வெற்றி. மணலில் 235இன் காற்றழுத்தத்தை 15–18 பிஎஸ்ஐக்கு இறக்கினால் ஓரளவு சமாளிக்கலாம். இன்னும் இறக்கினால் வேகமாகத் திரும்பும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம். தார் ரோடு ஏறுமுன் மறுபடி காற்றடிக்க கம்ப்ரஸர் கையிலிருக்கட்டும்.

எப்போதும் முழு லோடு ஏற்றுபவர்களுக்கு மட்டும் 265: பத்து ப்ளையில் (டயரின் பலத்தைக் குறிக்கும் தரம்) ஒரு டயர் 1550 கிலோ தாங்கும், 235 தாங்குவது 1400. ஆனால் அதற்காக ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது ஹப்பில் பொருந்தும் முகம் வரையுள்ள தூரம்) குறைந்த ரிம் போட்டால் சக்கரம் வெளியே தள்ளும். ஸ்டீயரிங் உதறும், வீல் பேரிங் சீக்கிரம் போகும். ஸ்டீயரிங்கை முழுசாகத் திருப்பினால் டயர் லைனரில் (சக்கரத்துக்கு மேலுள்ள உள்மூடி) உரசுகிறதா என்றும் பாருங்கள்.

ஸ்டெப்னியும் அதே அளவில் வாங்குங்கள். பழைய சின்ன டயரை ஒரு பக்கம் மாட்டி ஃபோர் வீலில் ஓட்டினால் அடி விழுவது டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் (முன், பின் சக்கரங்களுக்கு சக்தியைப் பிரிப்பது) டிஃபரன்ஷியலுக்கும் (இடது, வலது சக்கரங்களுக்குப் பிரிப்பது).