ஒரே விஐபியை (மெய்நிகர் ஐபி முகவரி) இரண்டு டேட்டா சென்டருக்கும் நீட்டலாமா?

பொட்டலம்:
எங்களுக்கு இரண்டு டேட்டா சென்டர், நடுவில் 60 கி.மீ. ஃபைபர். பக்கத்துக்கு ஒரு எச்ஏபிராக்ஸி (வரும் டிராஃபிக்கைச் சர்வர்களுக்குப் பிரித்தனுப்பும் மென்பொருள்). லேயர் 2-ஐ (ஒரே உள்ளூர் நெட்வொர்க்கை) நீட்டி, கீப்அலைவ்டி (விஆர்ஆர்பி முறைப்படி விஐபியை ஒரு சர்வரிலிருந்து மற்றதற்கு மாற்றும் மென்பொருள்) போட்டு, ஒரே விஐபியை இரண்டுக்கும் பொதுவாக வைக்கப் போகிறேன். போய்வர 1 மில்லி விநாடிகூட ஆகாது. ஒரு பக்கம் விழுந்தால் 3.6 விநாடியில் மறுபக்கம் எடுத்துக்கொள்ளும். டிஎன்எஸ்ஸை (பெயருக்கு ஐபி முகவரி சொல்லும் அமைப்பு) நம்பினால் டிடிஎல் (பழைய பதிலை வைத்துக்கொள்ளும் நேரம்) தீரும்வரை பயனர் தவிக்க வேண்டும். இதில் என்ன தப்பு?

கம்பிவடம்:
ஒரு பக்கம் விழுவதை மட்டும் யோசித்திருக்கிறீர்கள். இரண்டு பக்கமும் நன்றாக இருந்து, நடுவில் உள்ள ஃபைபர் மட்டும் போனால்?

மாஸ்டர் (விஐபியை வைத்திருக்கும் சர்வர்) விநாடிக்கு ஒருமுறை, விஆர்ஆர்பிக்கான பொது முகவரியான 224.0.0.18-க்கு 'நான் இருக்கிறேன்' என்று அனுப்பும். மூன்று முறை வராவிட்டால் பேக்கப் (காத்திருக்கும் சர்வர்) தானே மாஸ்டராகிவிடும். செத்தது மாஸ்டரா, நடுவழியா என்று அதற்குத் தெரியாது. நான் வேலை பார்த்த ஓரிடத்தில் இது நடந்தது. இரண்டு பக்க லாக்கையும் அருகருகே திறந்தால், இரண்டிலும் ஒரே நேரத்தில் மாஸ்டர். பின்னால் இருந்த டேட்டாபேஸும் கூடவே இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஒரே ஆர்டர் எண் இரண்டு வாடிக்கையாளருக்குப் போயிருந்தது. எது யாருடையது என்று கையால் பிரிக்க ஒரு வாரம் ஆனது.

அதோடு, லேயர் 2-ஐ நீட்டினால் ஒரு பக்கத்தில் லூப் (தரவு சுற்றிச் சுற்றி வந்து நெட்வொர்க்கை அடைப்பது) விழுந்தாலும் இரண்டும் சேர்ந்தே படுக்கும். அப்புறம் இரண்டு இடம் எதற்கு? பக்கத்துக்கு ஒரு ஜோடி எச்ஏபிராக்ஸி, விஆர்ஆர்பி அந்த ஜோடிக்குள் மட்டும். இடம் விட்டு இடம் போவதற்கு எனிகாஸ்ட் (ஒரே ஐபியைப் பல இடங்களும் அறிவிப்பது).

பொட்டலம்:
ஃபைபர் இரண்டு, வேறு வேறு நிறுவனம். இரண்டும் ஒன்றாக அறுபட வேண்டுமே? டிஎன்எஸ்ஸில் நான் பட்டது போதும் அண்ணா. டிடிஎல் 30 விநாடி வைத்தும், கனெக்‌ஷன் பூல் (மூடாமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் இணைப்புகள்) வைத்திருந்த செயலிகள் மணிக்கணக்கில் பழைய ஐபியையே தட்டின.

கம்பிவடம்:
நிறுவனம் வேறு, சரி. கட்டடத்துக்குள் நுழையும் குழாயும் வேறா? போய்க் கண்ணால் பாருங்கள்.

நடுச்சாமம்:
எனிகாஸ்ட்டிலும் கவனம் வேண்டும். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கின் டிஎன்எஸ் சர்வர்கள் தங்கள் டேட்டா சென்டர்களை எட்ட முடியாததால், தங்கள் பிஜிபி அறிவிப்பை ('எங்களை இந்த வழியில் அடையலாம்' என்று இணையத்துக்குச் சொல்வது) தாங்களே விலக்கிக்கொண்டன. சர்வர்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன, வெளியே யாருக்கும் வழி இல்லை. ஏறக்குறைய 6 மணி நேரம். எல்லா இடத்திலும் ஹெல்த் செக் (சர்வர் சரியாக இருக்கிறதா என்ற சோதனை) ஒன்றாகத் தோற்றால், யாரும் விலகக் கூடாது என்று ஒரு விதி கட்டாயம் வேண்டும்.

பொட்டலம்:
அப்படியென்றால் மூன்றாவது இடத்தில் ஒரு சாட்சி நோடு வைக்கிறேன். மூன்றில் இரண்டு ஓட்டு கிடைத்த பக்கம்தான் மாஸ்டர். பிரச்சினை தீர்ந்ததா?

கம்பிவடம்:
இரண்டு மாஸ்டர் வராது, அவ்வளவுதான். கிட்ஹப்பில் (நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளம்) 2018 அக்டோபர் 21 அன்று இணைப்பு போனது 43 விநாடி. அங்கே ராஃப்ட் (பெரும்பான்மையால் முடிவெடுக்கும் முறை) ஓட்டு முறையாகத்தான் நடந்தது. பெரும்பான்மை கூடி, எழுதும் டேட்டாபேஸை அமெரிக்காவின் மேற்குக் கரைக்கு மாற்றியது. ஆனால் கிழக்கில் எழுதியதில் கொஞ்சம் அங்கே போய்ச் சேரவில்லை. எல்லாவற்றையும் சரிசெய்ய 24 மணி 11 நிமிடம் ஆனது. அதனால் எழுதும் பக்கத்தை மனிதர் பார்த்துத்தான் மாற்ற வேண்டும்.

பொட்டலம்:
இரவு இரண்டு மணிக்கு ஆளை எழுப்பி, விபிஎன்னில் நுழைந்து முடிவெடுக்க 20 நிமிடம். அதை என்னால் ஏற்க முடியாது.

நடுச்சாமம்:
60 கி.மீ.தானே, சின்க்ரோனஸாக (இரண்டு பக்கமும் எழுதிய பிறகே 'முடிந்தது' என்று சொல்லும்படி) எழுதலாம். அப்போது தானாக மாற்றினாலும் எதுவும் தொலையாது. ஆனால் மறுபக்கம் பதில் தராதபோது தனியாக எழுத விடும் அமைப்பு இருந்தால் அணைத்துவிடுங்கள். ஓட்டு கிடைத்த பிறகு மட்டும் எழுதட்டும்.

பொட்டலம்:
சரி, லேயர் 2 நீட்டலைக் கைவிடுகிறேன். தானாக மாறுவதை மட்டும் விட மாட்டேன். அடுத்த பராமரிப்பு நேரத்தில் இரண்டு ஃபைபரையும் நானே பிடுங்கிப் பார்த்து, லாக்கை இங்கே போடுகிறேன்.

கம்பிவடம்:
பிடுங்கும்போது எழுதும் டிராஃபிக் ஓடிக்கொண்டிருக்கட்டும். சும்மா நிற்கும் கிளஸ்டரில் பிடுங்கினால் எதுவும் தெரியாது.