பட்டியலை அமைப்பே கொடுத்தால் அது ஆய்வாகுமா?

ஆய்வு மாணவி:
சமூகப்பணியில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறேன். குடிநோயாளிகளின் குடும்பங்களுக்கு ஆலோசனை தரும் திட்டம் ஒன்று பலன் தருகிறதா என்பது கேள்வி. யார் யாரிடம் பேசலாம் என்ற பட்டியலைத் திட்டத்தை நடத்தும் அமைப்புதான் கொடுத்தது. பேசிய அத்தனை பேரும் பாராட்டுகிறார்கள். அதுதான் உறுத்துகிறது. நெறியாளரோ, "எண்ணிக்கை சேர்ந்துவிட்டது, எழுதத் தொடங்கு" என்கிறார். இன்னொன்று: ஒலிப்பதிவுகளை எழுத்தாக்கச் செயற்கை நுண்ணறிவுச் செயலியைப் பயன்படுத்தலாமா? கையால் எழுதி மாளவில்லை.

பழைய களப்பணியாளர்:
உறுத்தட்டும், நல்லதுதான். உங்களிடம் இருப்பது கடைசிவரை வந்தவர்களின் பட்டியல். பாதியில் நின்றவர்கள் எங்கே? அவர்களுடைய தொலைபேசி எண்ணை அமைப்பு தராது, தரவும் கூடாது. உங்கள் கடிதத்தை அமைப்பே அனுப்பட்டும். விருப்பமுள்ளவர்கள் உங்களை அழைப்பார்கள். நேர்காணலை அமைப்பின் அலுவலகத்தில் வைக்காதீர்கள். ஆலோசகர் அடுத்த அறையில் இருக்கும்போது யார் குறை சொல்வார்?

பாராட்டு வேறு, பலன் வேறு. சிறுவர்கள் குற்றவழியில் போகாமல் தடுக்க அமெரிக்காவில் 1939இல் தொடங்கிய கேம்பிரிட்ஜ்–சாமர்வில் திட்டத்தைப் படித்துப் பாருங்கள். சிறுவர்களில் ஒரு பாதிக்கு ஆலோசகர், வீட்டுச் சந்திப்பு, படிப்புதவி எல்லாம் கிடைத்தன, மறுபாதிக்கு இல்லை. குற்றவியலாளர் ஜோன் மெக்கார்ட் 1978இல் வெளியிட்ட தொடராய்வில், உதவி பெற்றவர்களில் பெரும்பாலோர் திட்டம் தங்களுக்கு நன்மை செய்தது என்றார்கள். ஆனால் குடிப்பழக்கம், தீவிர மனநோய், இளவயது மரணம் ஆகியவற்றில் அவர்கள் நிலைமைதான் மோசம். ஒப்பிட ஒரு குழு இருந்ததால் இது வெளியே வந்தது. உங்கள் நெறியாளருக்கு இதைச் சொல்லிப் பாருங்கள். (கோபப்படுவார், பரவாயில்லை.)

தரவுப் பக்கம் இருப்பவர்:
செயலி பற்றி மட்டும். ஒலிப்பதிவு வெளி நிறுவனத்தின் சர்வருக்குப் போகும் என்று ஒப்புதல் படிவத்தில் எழுதியிருந்தீர்களா? இல்லையென்றால் ஏற்றாதீர்கள். வீட்டு வன்முறை பற்றிப் பேசிய குரல் அது. இணைய இணைப்பின்றி உங்கள் கணினியிலேயே இயங்கும் மென்பொருள்கள் உண்டு. அதற்கும், ஆய்வுக்கு ஒப்புதல் தந்த நெறிமுறைக் குழுவிடம் திருத்த விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள். வட்டார வழக்கில் அவை தடுமாறும். அழுகையையும் நீண்ட மௌனத்தையும் பெரும்பாலும் விட்டுவிடும். எனவே ஒலியோடு ஒப்பிட்டே தீரவேண்டும்.

அமைப்புத் தரப்பிலிருந்து ஒருவர்:
நாங்கள் ஆளை ஒளிப்பதாக நினைக்காதீர்கள், அம்மா. அழைத்தால் எடுக்கிறவர்களைத்தான் எங்களால் தர முடிகிறது. நின்றுபோனவர்கள் எத்தனை பேர் என்று அறிக்கையில் வந்தால் அடுத்த ஆண்டு நிதிக்கு அது இடைஞ்சல் என்பதும் உண்மைதான். ஆய்வாளர்கள் வருகிறார்கள், கேட்கிறார்கள், பிறகு காணாமல் போகிறார்கள். முடிவுகளை அச்சுக்கு முன் எங்களிடமும் அந்தக் குடும்பங்களிடமும் காட்டுவேன் என்று முதலிலேயே சொல்லுங்கள். அனுமதி கேட்டு அல்ல, எங்கள் மறுப்பைக் கேட்க. கடிதம் அனுப்ப நாங்கள் தடை சொல்லமாட்டோம்.

ஆய்வு மாணவி:
நன்றி. கடிதத்தை எழுதத் தொடங்கிவிட்டேன். ஒரு சந்தேகம்: மனைவி ஒப்புதல் தந்து கணவரின் குடியைப் பற்றிப் பேசுகிறார். கணவரிடம் யாரும் கேட்கவில்லை. அந்தப் பகுதியை மேற்கோளாக எடுக்கலாமா?

பழைய களப்பணியாளர்:
மனைவி பட்டதைச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு, அதை எடுங்கள். கணவரின் வேலை, நோய் விவரம், அடையாளம் காட்டும் சம்பவம் ஆகியவற்றை வெட்டிவிடுங்கள். மேற்கோளை அச்சில் பார்த்தால் அவர் மனைவியை அடையாளம் கண்டுகொள்வாரா என்று யோசியுங்கள். கண்டுகொள்வார் என்றால், எவ்வளவு அருமையான வரியானாலும் வேண்டாம்.